காருக்குக் காவல்

கனடாவின் அஜின்கோர்ட் பகுதியில் கார் வைத்திருக்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. பழைய பொன்ரியாக் காரை வாங்கும்போது நவரட்ணத்துக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. வாங்கிய நாள் தொட்டு, லண்டனிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் வருகிற சொந்தக்காரரைச் சுற்றிக் காட்டுகிற வேலை அவன் தலையில் விழுந்தது. நயாகராவுக்குப் போய்ப் போய்க் காருக்கே வழி பாடம். ஆனால் அருவியை அவன் ஆறுதலாகப் பார்த்ததில்லை. கார் விட இடம் கிடைக்காது. கண்ட இடத்தில் விட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். "நீங்கள் காரில இருங்கோ, நாங்கள் ஓடிப்போய்ப் பாத்திட்டு வாறம்" என்று மனைவி புனிதவதி இறங்கிவிடுவாள். சீஎன் ரவர் என்கிற உயரக் கோபுரத்தையும் அவன் வீதியில் வட்டமடித்துத்தான் கண்டிருக்கிறான்.

அவனுக்கென்று இருந்த ஒரே ஆசை காசா லோமா. எங்கள் சனம் ராசா மாளிகை என்று சொல்லுகிற இடம். ராசா ஒருவரும் அங்கே இருந்ததில்லை, பணக்காரன் ஒருவன் கட்டியது. பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் கூட வேலை செய்கிற அன்புராசா போய்வந்து சொன்னான்: "அண்ணை, வளவுக்குள்ளையே கார் விடலாம். நிலத்துக்குக் கீழால சுரங்கப்பாதையும் இருக்கு." அன்றிலிருந்து நவரட்ணம் அடுத்த விருந்தாளிக்காகக் காத்திருந்தான். விருந்தாளி வராமல் அந்த வீட்டில் யார் வெளியே போகிறார்கள்?

எண்பத்தேழு ஆனியில் புனிதவதியின் பெரியப்பா தம்பிமுத்து கோலாலம்பூரிலிருந்து வந்தார். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் கொழும்பில் வீடு எரிந்து இருவரும் உடுத்த துணியோடு நின்றபோது, மலேசியாவுக்குக் கூப்பிட்டு மாதக்கணக்கில் வைத்துச் சோறு போட்ட மனிதர். ஞாயிறு மத்தியானம் நவரட்ணம் தேய்த்த சட்டை போட்டான். மறுநாள் பெரியப்பாவுக்குப் பிளேன். ஞாயிறு மாலையே நவரட்ணத்துக்கு வேலை. ஓர் இடம்தான் பார்க்க முடியும்.

"இண்டைக்கு ராசா மாளிகை, பெரியப்பா."

"அரண்மனையோ? எங்கட நாட்டில ஒன்பது சுல்தான்மார், தம்பி. பாத்து அலுத்துப்போச்சு. உதில ராசாவும் இல்லையாம். ஸ்காபரோவில ஒரு புத்த கோயில் இருக்காமே, அங்க போவம்."

"அது சிங்களச் சனம் போற கோயில்."

"அதுக்கென்ன? புத்தரும் விஷ்ணுவின்ர அவதாரம்தானே!" தொப்பியை எடுக்க அறைக்குள் போனார்.

நவரட்ணம் மனைவியிடம் திரும்பினான். "உமக்கு எல்லாம் மறந்துபோச்சோ?"

"மறக்கேல்ல," என்றாள் அவள் மெல்ல. "அந்தாள் போட்ட சோத்தையும் மறக்கேல்ல."

வழியெல்லாம் கோபத்தில் பிரேக்கை உதைத்துக்கொண்டு ஓட்டினான். இத்தனை வருடமாக ஊர் உலகத்தையெல்லாம் ஏற்றி இறக்கியவனுக்கு ஒரு நாள், ஒரேயொரு நாள் கொடுக்க இவர்களால் முடியவில்லையே என்று தனக்குள் பொருமினான்.

கோயில் பார்வைக்குச் சாதாரண வீடுதான். பக்கத்தில் கார் விடுகிற முற்றம் அகலமாக, ஒரு கார்கூட இல்லாமல் கிடந்தது. கனடாவுக்கு வந்து அப்படியொரு வெறும் முற்றத்தை அவன் கண்டதே இல்லை. அதைப் பார்க்க அவனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"இறங்கும் தம்பி, இடம் தாராளமாக் கிடக்கு," என்றார் பெரியப்பா.

அப்போது வெள்ளை உடுத்த ஒரு வயதான அம்மா, கையில் பூத்தட்டோடு கார் ஓரம் வந்தாள். அவனைத் தங்கள் ஆள் என்று நினைத்திருக்க வேண்டும். உள்ளே வா மகனே, தேநீர் இருக்கிறது என்று சிங்களத்தில் சிரித்துக்கொண்டு கூப்பிட்டாள். அவனுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. கடைசியாக அந்த மொழியில் அவனோடு பேசியவர்கள், வீட்டைவிட்டு வெளியே வா என்று கத்தியவர்கள். இந்த அம்மா ஒரு பாவமும் அறியாதவள். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், ஸ்ரியறிங்கைப் பிடித்த கை விடமாட்டேன் என்றது.

"நீங்கள் போய்ப் பாத்திட்டு வாங்கோ, பெரியப்பா," என்றான். "காருக்கு ஒரு ஆள் வேணும்."

புனிதவதி அவனை ஒருதரம் பார்த்துவிட்டு இறங்கினாள். பெரியப்பா அந்த வெறும் முற்றத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு ஒன்றும் விளங்காமல் செருப்பைக் கழற்றப் போனார்.