ஏழுமலை டில்லரைக் கெடுக்கவில்லை

ஏழுமலை போய்விட்டார். நேற்று மதியம், பெரும்பாக்கத்தில். நெஞ்சு வலியாம்.

அடையாறில் எங்கள் அபார்ட்மென்ட்டில் பதினோரு வருடம் தோட்ட வேலை பார்த்தவர். வாட்ச்மேன் சொன்னதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. நடுவில் ஒருவர் கேட்கிறார், "டில்லரைக் கெடுத்தாரே, அவரா?"

அதற்கு நான்கு தம்ஸ் அப் வேறு. அதனால்தான் எழுதுகிறேன்.

பின்பக்கம் காய்கறி போட, மண்ணைக் கிளறும் சின்ன பெட்ரோல் டில்லர் ஒன்று வாங்கியிருந்தோம். ஓட்டி முடித்ததும் பிளேடில் சுற்றிய வேரையெல்லாம் ஏழுமலை உட்கார்ந்து அறுத்தெடுப்பார். கழுவித் துடைத்து, துருப் பிடிக்காமல் ஆயில் தடவுவார்.

ஸ்டார்ட் பண்ணும் முன்பு ஆயில் அளவு பார்க்காமல் கயிற்றை இழுக்கவே மாட்டார். என் காருக்கு நான் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை.

கார் பார்க்கிங்கில் இடத்தை அடைக்கிறது என்று அந்த மெஷினைச் சுவரோரம் செங்குத்தாக நிறுத்தச் சொன்னோம். ஆயில் கசிந்து புது டைல்ஸில் கறை.

"இத்த நேரா நிக்க வெச்சா ஒழுவத்தான் சார் செய்யும். தரையில சமமா வெச்சா ஒண்ணும் ஆவாது."

நான் செக்ரட்டரி. எனக்குத் தெரியாததா... "வேலை முடிஞ்சதும் ஆயிலை இறக்கிடு ஏழுமலை. மறுபடி ஓட்டும்போது ஊத்திக்கோ" என்றேன். என்னைவிடப் பெரியவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன்.

"இன்னா சார் இது..." என்றார். ஆனாலும் இறக்கினார். பிஸ்கட் அட்டையைக் கிழித்து, 'ஆயில் இல்ல. ஸ்டார்ட் பண்ணாத' என்று எழுதி ஹேண்டிலில் கட்டிவிட்டுப் போவார்.

சுதந்திர தினத்துக்கு விருந்தினர் வந்தார்கள். அட்டை அசிங்கமாகத் தெரிந்தது. நான்தான் கழற்றினேன். திரும்பக் கட்டவில்லை.

மறுநாள் ஏழுமலை லீவு. பதிலுக்கு வந்த ஆள் டில்லரை ஓட்டினார். பத்தே நிமிடத்தில் இன்ஜின் ஜாம்.

கமிட்டி கூடியது. "ஆயிலை எடுத்தது யாரு?"

"நான்தான் சார்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "அட்ட கட்டிட்டுதான் சார் போனேன்."

"எங்கே அட்டை?"

மறுபடியும் என்னைத்தான் பார்த்தார். நான் குனிந்து மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தேன். 'கவனக்குறைவு' என்று எழுதினேன்.

அன்றோடு வேலை போனது. அடுத்த தெரு அபார்ட்மென்ட்டிலிருந்து அவரைப் பற்றி விசாரித்து போன் வந்தது. "யோசிச்சு செய்யுங்க" என்றேன். அவ்வளவு கேவலமானவன் நான்.

கீழே போட்டோவில் இருப்பது அந்த அட்டை. இத்தனை நாளும் என் ஸ்கூட்டர் டிக்கியில்தான் இருந்தது. கையெழுத்து அவருடையது.

போய் வாங்க, ஏழுமலை சார்.