இடம் விடாத கல்

2006 அக்டோபர், ஒரு சனிக்கிழமை. காலையில் மியூனிக்கில் ரயில் ஏறியவள் நண்பகல் தாண்டி லைப்சிக்கில் இறங்கினேன். முன்பதிவில் டிக்கெட் 39 யூரோ. முதல் உலகப் போர் முடிந்ததும், இனிப் போரே வராது என்று நம்பி ஒரு கிராமத்தார் நிறுத்திய நினைவுக்கல்லைப் பார்க்க வந்திருந்தேன். அழைத்துப் போனவர் சிவம் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே டாக்சி ஓட்டுகிறார். என் ஜெர்மன் அரைகுறை என்பதால் மொழிபெயர்ப்பாளரும் அவரே.

கிரிம்மா என்ற ஊரைத் தாண்டி, லைப்சிக்கிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர். உழுது போட்ட வயல்களில் மழை விழுந்துகொண்டிருந்தது.

தேவாலய முற்றத்தில் அந்தக் கிராமத்து எரிகா அம்மையார் காத்திருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். கல் முழுக்க இறந்தவர்களின் பெயர்கள். அடி விளிம்பை ஒட்டி, 'இவர்களோடு முடியட்டும்' என்று வெட்டியிருந்தது.

"இவவின்ர அப்பாவும் சேர்ந்துதான் நிப்பாட்டினவராம். பிறகு பேர் சேர்க்கக் கீழ கொஞ்சம் இடம் விடவோ எண்டு கல்லு வெட்டினவர் கேட்டவராம். தேவையில்லை எண்டிட்டினமாம்," என்றார் அண்ணை.

பக்கத்திலேயே இரண்டாம் போரின் கல், முதலாவதைவிட உயரமாக. எரிகா அதில் இரண்டு பெயர்களைத் தொட்டுக் காட்டினார்.

"தமையன்மார்," என்றார் அண்ணை மெதுவாக.

அப்பா ஏமாந்துவிட்டார் என்று நினைக்கிறாரா என்று கேட்கச் சொன்னேன்.

"'அப்பா நாலு வருஷம் பதுங்குகுழிக்க கிடந்து வந்தவர். நம்பாமல் இருக்க அவரால ஏலாது' எண்டு சொல்லுறா."

 திரும்பும் வழியில் அண்ணை திடீரென்று வண்டியை ஓரங்கட்டினார்.

"என்ர தம்பியும் இங்கதான் இருந்தவன், தங்கச்சி. 2002இல ஊரில போர்நிறுத்தம் வந்த உடன, இனிச் சண்டை இல்லையெண்டு கிளிநொச்சிக்குப் போயிட்டான். கலியாணம் கட்டி, வீடும் கட்டினான். குண்டுக்குப் பதுங்க பங்கர் வைக்கவோ எண்டு மேசன் கேட்டவன். இவன் சிரிச்சுப்போட்டு, அந்த இடத்தில பூமரம் வையுங்கோ எண்டவன்."

"இப்போது?"

"திரும்பவும் சண்டை தொடங்கி, பாதையெல்லாம் பூட்டியாச்சு. திரும்பி வரவும் ஏலாது. ரெண்டு கிழமைக்கு முன்னம் போன் எடுத்தவன். பிள்ளை பிறந்திருக்காம். பூமரத்தைப் பிடுங்கிப்போட்டு பங்கர் வெட்டுறானாம்."

நிலையத்தில் இறங்கியபோது, எல்லாம் சரியாகிவிடும் அண்ணை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"போயிட்டு வாங்கோ," என்றார்.

கும்பகோணத்தில் நாங்கள் வீடு கட்டியபோது, வாசல் எந்தத் திசை, கிணறு எந்த மூலை என்றுதான் மேஸ்திரி கேட்டார். குண்டு விழுந்தால் குழந்தையோடு எங்கே ஒளிவீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.