தலைமாடு எந்தப் பக்கம்

அக்காவின் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து இரண்டு முறை மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினார். முதல் முறை ஆட்கள் வெளியே வரும் வாசலில், கையில் டேப்ரிக்கார்டரும் சட்டையில் சென்ட் வாசனையுமாக. இரண்டாம் முறை பின்பக்கம், சரக்கு இறக்கும் கொட்டகையில். எண்பதுகளில் திண்டிவனம் பக்கத்திலிருந்து கம்பி கட்டும் வேலைக்குப் போனவர்களில் என் மாமாவும் ஒருவர். நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று தந்தி வந்தது. பெட்டி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

அந்த ஒரு மாதமும் அக்கா பூவை எடுக்கவில்லை, பொட்டை அழிக்கவில்லை. பெரிதாக அழவும் இல்லை. ரொட்டியைத் தின்று தின்று நாக்கு செத்துவிட்டது, வந்து உன் கையால் சோறு சாப்பிட வேண்டும் என்று மாமா கடிதம் தவறாமல் எழுதுவார். அக்கா அதையே பிடித்துக்கொண்டாள்.

"அவுரு வாயில என் கையால அரிசி போடணும். மத்ததெல்லாம் அப்புறம்" என்பாள். துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எனக்கு அவர்களைக் கண்டாலே எரிச்சலாக இருந்தது.

நானும் மாமாவின் அண்ணனான பெரிய மாமாவும் வேன் பிடித்துக்கொண்டு போனோம். துணி மூட்டைகளுக்கும் இயந்திர சாமான்களுக்கும் நடுவில் கோணி சுற்றிய மரப்பெட்டி கிடந்தது. மேல் பக்கம் இது என்று காட்ட ஓர் அம்புக்குறி, மாமாவின் பெயர், அவ்வளவுதான். உள்ளே தகரப்பெட்டி, ஈயம் வைத்து ஒட்டியது, திறக்கக் கூடாது என்று கொட்டகையில் சொன்னார்கள். பார்சல் வாங்குகிற மாதிரி கையெழுத்துப் போட்டு மாமாவை வாங்கினேன். மனசு வெறுத்துப் போயிற்று.

திண்டிவனம் தாண்டிக் கூட்டேரிப்பட்டில் டீக்கு நிறுத்தினோம். பெரிய மாமா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு வேனுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், தலமாடு எந்தப் பக்கம்?"

ஏறிப் பார்த்தேன். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தன.

"மேல் எது கீழ் எதுன்னுதான் போட்டுக்கீறான் மாமா. தல கால் போடல. இனிமே எந்தப் பக்கமா இருந்தா இன்னா?" என்றேன் கடுப்பாக.

அவர் கோபப்படவில்லை. "உங்கக்கா அரிசிய எங்க போடுவா?" என்றார்.

டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே பெட்டியை இறக்கினோம். விஷயம் தெரிந்ததும் பங்காளிகள் சுற்றி நின்று ஆராய்ந்தார்கள். ஒருவர் இந்த முனையைத் தூக்கிப் பார்த்து இங்கேதான் கனம், இதுதான் தலை என்றார். இன்னொருவர் அந்த முனையைத் தூக்கி அதையே சொன்னார். தகரத்தை வெட்டிப் பார்த்துவிடலாம் என்று ஒரு குரல். அதற்குப் பெரிய மாமா ஒத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு நாளான முகத்தை அவள் பார்க்க வேண்டாம் என்று என் காதோரம் சொன்னார்.

அக்கா முறத்தில் அரிசியோடு வந்து நின்றாள். அவர்தான் அவளிடம் சொன்னார்.

"தல எந்தப் பக்கம்னு தெரியலம்மா."

அவள் பெட்டியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள். பிறகு ஒரு முனையில் குனிந்து மூன்று பிடி போட்டாள். சுற்றிக்கொண்டு போய் அடுத்த முனையிலும் போட்டாள்.

"கால்ல போயி அரிசி போடறியேம்மா" என்றாள் எங்கள் அத்தை ஒருத்தி.

"இருக்கட்டும் அத்த. சம்பாரிக்கப் போனது அந்தக் காலுதான. அதுவும் பசியோடதான் வந்திருக்கும்."

அதற்குப் பிறகுதான் அழுதாள். முறம் கையிலிருந்து நழுவியது. பெண்கள் பிடித்து உட்கார வைத்தார்கள்.

சுடுகாட்டில் குழியைத் தென்வடலாக வெட்டியிருந்தார்கள். எங்களில் தலை தெற்கே இருக்க வேண்டும். குழியோரம் வந்ததும் தூக்கி வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். எந்த முனை தெற்கே போவது என்று பெரிய மாமா என் முகத்தைப் பார்த்தார்.

"அக்காதான் ரெண்டு பக்கமும் போட்டுட்டாளே மாமா. எப்படி வேணா எறக்குங்க" என்றேன்.

இறக்கினார்கள்.