பாக்கியக்காவின் மடியில் எங்கள் பைகள்

வடாலாவில் ரயிலை விட்டு இறங்கும்போது பள்ளியின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. பாக்கியம் அக்கா காலையில் தவறிவிட்டார். கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நானும் ஒன்றைப் போட்டேன். போட்டபிறகுதான் படியேற முடியாமல் ஓரமாக நின்றேன்.

தாராவியில் நம் பள்ளியில் இத்தனை வருடம் பியூனாக இருந்தவரை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆண்டுதோறும் டீச்சர்கள் எல்லோரும் பஸ் பிடித்துத் தீம் பார்க்குக்குப் போவோமே, அங்கே இருந்த பாக்கியக்காவைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். எந்த ராட்டினத்திலும் அவர் ஏறியதில்லை. நம் பைகளைக் காக்கவே வந்தவர் என்று இரங்கல் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அது சரியில்லை. "ஏறாதவளுக்கு எதுக்கு டிக்கெட்டுன்னு கேக்காதீய. நான் பாக்கதுக்குல்லா வாறேன்" என்பார்.

படகு உயரத்திலிருந்து தண்ணீரில் விழும் இடத்துக்கு எதிரே ஒரு சிமெண்டு பெஞ்சு உண்டு. மடியில் எங்கள் பைகள், கையில் வேகவைத்த சோளம். "கணக்கு டீச்சர் கத்துறதப் பாரு. வருசம் பூரா பிள்ளையளப் பாத்துக் கத்துனது பத்தல போலுக்கு." இறங்கி வருபவர்களின் முகங்களைப் பார்ப்பது அவருக்கு எல்லாவற்றையும்விடப் பிடிக்கும். "ஏறும்போது எல்லாவளும் டீச்சர். எறங்கும்போது பாரு, எல்லாவளும் சின்னப் பிள்ள." பள்ளியில் என்னை 'டீச்சர்' என்று அழைப்பவர், அந்தத் தீம் பார்க்கில் மட்டும் 'ஏட்டி மாலா' என்பார். அந்த ஒரு நாளுக்காக நான் காத்திருப்பேன்.

இனி எழுதுவது எனக்குக் கடினம். மூன்று வருடங்களுக்கு முன் புதிதாக வந்த ஒரு ராட்டினத்துக்கு வரிசையில் நின்றோம். வாயிலில் இருந்த பெண், "மேடம், செயின் உதாரியே" என்று இந்தியில் செயினைக் கழற்றச் சொன்னாள். கழுத்தில் இருந்தது தாலிச் சங்கிலி. கழற்றினேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பாக்கியக்கா, வளையல்களையும் கண்ணாடிகளையும் வாங்கிக்கொண்டிருந்தவர், இயல்பாகக் கையை நீட்டினார். அவர் கணவர் இறந்து வெகுகாலம். கைம்பெண் கையில் தாலியைக் கொடுப்பதில்லை என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. எம்.ஏ. படித்தவள், சமத்துவப் பாடம் நடத்துகிறவள். ஆனாலும் என் கை பாதியில் நின்றது. ஒரு நொடிகூட இருக்காது. அதற்குள் அவர் தன் சேலை மடிப்பிலிருந்த ஊக்கை எடுத்து நீட்டினார்.

"திரும்பப் போட்டு, ஜாக்கெட்டுக்குள்ள விட்டுக் குத்திக்கோங்க டீச்சர். ஒண்ணும் ஆவாது."

டீச்சர். மேலே போய்க் கீழே விழுந்த எதுவும் எனக்கு நினைவில் இல்லை. இறங்கி வந்தபோது அவர் வழக்கம்போல என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அதன்பிறகு 'ஏட்டி' வரவே இல்லை. கோபமும் இல்லை. பள்ளியில் என் மேசைக்கு டீ எப்போதும்போலச் சூடாக வந்தது.

சென்ற வருடம் நான் எதிலும் ஏறாமல் பெஞ்சுக்குப் போனேன்.

"ஏறலியா டீச்சர்?"

"இல்லக்கா. இன்னைக்கு உங்ககூட இருக்கேன்."

பைகளை நகர்த்தி இடம் தந்தார். வெகுநேரம் படகுகள் விழுவதைப் பார்த்தோம். அவர் சிரித்த இடங்களில் நானும் சிரித்தேன். பிறகு ஆரம்பித்தேன். "அக்கா, அன்னைக்கு அந்தச் சங்கிலி…"

"அங்க பாருங்க, அங்க பாருங்க! ஹெச்.எம். செருப்பு மிதந்து போவுது!"

அவர் எழுந்து நின்று கைதட்டிச் சிரித்தார். உண்மையிலேயே செருப்பு மிதந்து போனது. என்னை மன்னித்துத்தான் பேச்சை மாற்றினாரா, அந்தப் பேச்சே தனக்கு வேண்டாம் என்று மாற்றினாரா, எனக்குத் தெரியவில்லை. மறுபடி கேட்கலாம் என்று ஒரு வருடம் இருந்துவிட்டேன்.

அவரைப் பற்றிச் சிரிப்பாகச் சொல்ல உங்கள் எல்லோரிடமும் ஏதேனும் இருக்கும். என்னிடம் இருப்பது நான் சொல்லி முடிக்காத அந்த ஒரு வாக்கியம்.