குறையாத ஆயில்

எண்பதுகளில் ஒரு அறுவடைக் காலம். எங்கள் வேர்க்கடலை மூட்டைகளை எங்கள் பழைய லாரியிலேயே ஏற்றிக்கொண்டு நானும் கணவரும் கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை மண்டிக்குப் போனோம். ஊருக்குள் நுழையும்போது ஆயில் பிரஷர் முள் பூஜ்யத்துக்கு இறங்கியது. கணவர் உடனே இன்ஜினை நிறுத்தினார்.

மெக்கானிக் வந்து, "பேரிங் போயிருக்கும்ணே, இன்ஜினைப் பிரிக்கணும்" என்றார். பிரித்தால் சீசன் முழுக்க லாரி ஓடாது.

"ஆயில் துளி கம்மியாகலயே! ஊத்தாமலே கம்பியில கோட்டுக்கு மேல நிக்குது" என்று அப்போதும் பெருமைப்பட்டார் கணவர்.

எனக்குச் சுருக்கென்றது. "ஊத்தாம எப்படிங்க ஜாஸ்தியாகும்?"

ஆயில் அளக்கும் கம்பியை உருவி விரலில் தேய்த்தேன். தண்ணீராய் ஓடியது. முகர்ந்தால் டீசல் நெடி!

மெக்கானிக்கும் முகர்ந்துவிட்டு நேராக டீசல் பம்பைக் கழற்றினார். உள்ளே ரப்பர் வாஷர் கிழிந்து, டீசல் ஆயிலில் கலந்துகொண்டிருந்தது; ஆயில் நீர்த்துப்போனதால்தான் பிரஷர் இறங்கியிருக்கிறது. புது வாஷர், புது ஆயில். இன்ஜினைப் போட்டதும் முள் விறுவிறுவென்று ஏறியது. நான் நடுரோட்டில் கை தட்டினேன். அன்றே மூட்டைகள் மண்டி சேர்ந்தன.

அன்றிலிருந்து தினமும் காலையில் கம்பியைப் பார்ப்பது நான்தான். ஆயில் குறைந்திருந்தால் ஊற்றச் சொல்வேன். ஏறியிருந்தால், லாரிச் சாவி என் இடுப்பைவிட்டு இறங்காது.