தொண்டூர்த் தொட்டியில் சனோபர்

சனோபர் என்கிற பேர் என் காதில் முதல்முதலாக விழுந்ததே ஒரு சண்டைக்கு நடுவில்தான். போன வருசம் தை மாசம். என் கடைசித் தம்பி தங்கராசுவின் மகள் கலைமதி செஞ்சியில் பிசியோதெரபி பார்க்கிறவள். அன்றைக்குத் தொண்டூருக்கு வந்து அப்பனிடம் மல்லுக்கு நின்றாள்.

“நைனா, சனோபர்னு ஒரு அக்கா. நம்ம மோட்டார் தொட்டி அவங்களுக்கு வேணும்.”

“கடலைக்குத் தண்ணி பாய்ச்சக் கட்டின தொட்டி. அதுல அவங்களுக்கு இன்னா வேலை?”

“நடக்கிற வேலை.”

சனோபர் செஞ்சியில் துணி தைக்கிறவள். உட்கார்ந்தே செய்கிற தொழில். உடம்பு பெருத்து, முட்டி ரெண்டும் பாரம் தாங்காமல் போனது. ஒருநாள் வீட்டில் விழுந்தவளைத் தெருக்காரர்கள் நாலு பேர் ஜமுக்காளத்தில் போட்டுத் தூக்கினார்கள். “ராஜகிரிக் கோட்டை மேல பீரங்கி ஏத்துறாப்பல இருக்குதுடா” என்று ஒருத்தன் சொன்னது அவளுக்குக் கேட்டுவிட்டது. அதோடு வாசல்படி தாண்டுவதை நிறுத்தினாள். இனிமேல் ஒருத்தர் தூக்கி நான் எழுந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவள் கலைமதியிடம் கேட்டது. நெஞ்சளவு தண்ணீரில் நின்றால் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும், முட்டி வலிக்காமல் நடந்து பழகலாம் என்றாள் கலைமதி. செஞ்சியில் அதற்கு வசதி ஏது?

தங்கராசு முனகிக்கொண்டே தொட்டிக்கு உள்ளேயும் வெளியேயும் படி கட்டினான். பிடித்து ஏறக் குழாயும் பதித்தான்.

தொட்டி நிரம்ப மோட்டார் ஓட வேண்டும், அதற்கு த்ரீபேஸ் கரண்ட் வேண்டுமே. அது எப்போது வரும், எப்போது போகும் என்று யார் கண்டது? சனோபர் விடிந்ததிலிருந்து தங்கராசுவுக்குப் போன் போடுவாள். “கரண்ட் வந்துச்சா அண்ணே?” வந்தது என்றால் ஆட்டோ பிடித்து வந்துவிடுவாள். தண்ணீரில் இறங்கிவிட்டால் மூலைக்கு மூலை நடைதான், நிற்கவே மாட்டாள். “மெதுவாக்கா. தண்ணி எங்கயும் போயிடாது” என்பாள் கலைமதி.

ஆனால் தண்ணீர் போனது. பங்குனியில் ஒருநாள், கரண்ட் நின்ற கொஞ்ச நேரத்தில் தங்கராசு வந்தான். கடலை வாடுகிற பதட்டம் அவனுக்கு. சனோபர் கிளம்பியிருப்பாள் என்று நினைத்து, சுவருக்கு வெளியே இருந்தே தொட்டியின் அடைப்பை உருவிவிட்டு, மடை திருப்பக் கொல்லைக் கோடிக்குப் போய்விட்டான்.

அவளோ படிக்கு எதிர்மூலையில் இருந்தாள். நெஞ்சிலிருந்த தண்ணீர் இடுப்புக்கு வந்தது. “வாங்கக்கா, சீக்கிரம் வாங்க!” என்று கலைமதி கத்தினாள். தண்ணீர் இறங்க இறங்க அவள் பாரம் அவளிடமே திரும்பியது. தொடைக்கு வந்தபோது கால் உதறியது. படி எட்டுகிற தூரம்தான். ஆனாலும் முடியாமல் மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கூச்சல் கேட்டுத் தங்கராசு ஓடிவந்தான். “ஐயையோ! இரும்மா, பக்கத்துக் கொல்லை ஆளுங்களைக் கூட்டியாறேன். நாலு பேர் புடிச்சா தூக்கிடலாம்.”

“யாரும் வேணாம் அண்ணே. கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போடுங்க.”

“எப்ப வருமோ தெரியாதேம்மா!”

“வரட்டும். பீரங்கி எங்கயும் ஓடிடாது.”

சொல்லிவிட்டாளே தவிர, கரண்ட் வந்தால் எரிகிற மோட்டார் கொட்டகை விளக்கை விட்டு அவள் கண் அகலவில்லை. கலைமதி குடை பிடித்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். தங்கராசு தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். “எனக்குத் தலை சுத்துது, ஒரு இடத்துல நில்லுங்க அண்ணே!” என்று அவளே அதட்டினாள். சேதி தெரிந்து அடுத்த கொல்லை ஆட்கள் கயிற்றோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். “போங்கடா, இங்க இன்னா மாடா கெணத்துல வுழுந்துச்சு?” என்று நான்தான் விரட்டினேன்.

வெயில் சாய்ந்த பிறகு விளக்கு எரிந்தது. தங்கராசு அடைப்பைத் திரும்பச் செருகி மோட்டாரைப் போட்டான். கொட்டிய தண்ணீர் அவள் மடிக்கு வந்து, நெஞ்சுக்கு ஏறியது. மண்டிபோட்டுக் குழாய்ப்பக்கம் நகர்ந்தாள். கலைமதி கை நீட்டினாள்.

“கையை எடு பாப்பா.”

குழாயைப் பிடித்து எழுந்தாள். மேல்படியில் தண்ணீர் அவளை விட்டுவிட்டது. பாரம் முழுசும் முட்டிமேல். அங்கேயே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். தங்கராசு கண்ணை மூடிக்கொண்டான். பிறகு அவளே தன் காலைத் தூக்கிச் சுவருக்கு வெளியே வைத்தாள்.

இப்போது சனோபர் செஞ்சியில் அதே வீட்டில் இருக்கிறாள். தடி ஊன்றி, தானே பஸ் ஏறித் தொண்டூர் வந்துபோகிறாள்.