ட்வாடலுக்குத் தெரியாத சோடா

தொண்ணூறுகளில், அவிநாசி ரோட்டில் ஒரு நூல் மெர்சரைசிங் யூனிட்டில் லேப் கெமிஸ்டாக இருந்தேன். நூலைக் காஸ்டிக் கரைசலில் இழுத்துப் பிடித்து முக்கினால் பட்டுபோல மினுமினுக்கும். கரைசலில் காஸ்டிக் குறைந்தால் மினுக்காது.

அப்படி மினுக்காத நூல் ஒரு லோடு திரும்பி வந்தது. முதலாளி மெஷின் ஓட்டும் ரங்கசாமியைப் பிடித்துக்கொண்டார். நூலைச் சரியாக இழுத்திருக்க மாட்டார் என்று அவரே முடிவுகட்டி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். ஐம்பதை நெருங்கும் ஆளை வேறு மில்லில் யார் சேர்ப்பார்கள்? எதிர்த்துப் பேசத் தெரியாத மனுஷன், டிபன் கேரியரோடு கேட்டருகே நின்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. கரைசலைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். முதலாளி ட்வாடல் மீட்டரை ஜாடியில் மிதக்கவிட்டார். கரைசல் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு உயர மிதக்கும் கண்ணாடிக் குழாய் அது. வழக்கமான கோட்டில்தான் நின்றது.

"மீட்டர் பொய் சொல்லுமாங்க அம்மணி? காஸ்டிக் சரியாத்தான் இருக்குது. ஆளுதான் சரியில்லைங்க."

மீட்டர் பொய் சொல்லவில்லை. கெட்டி எதனால் என்றுதான் அதற்குத் தெரியாது. நூல் அலசிய காஸ்டிக் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி, மறுபடி தொட்டியில் விடுவது எங்கள் யூனிட் வழக்கம். திறந்த தொட்டியில் காற்றுப் பட்டுப் பட்டு, காஸ்டிக்கில் ஒரு பங்கு சலவைச் சோடாவாகிவிடும். சோடாவும் மீட்டரைத் தூக்கிப் பிடிக்கும். நூலை மினுக்க அதனால் ஆகாது.

முதலாளியை லேபுக்குக் கூப்பிட்டேன். கரைசல் சாம்பிளில், நிறம் காட்டும் பினாப்தலின் விட்டதும் ரோஸ் நிறம் வந்தது. ப்யூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து ஆசிட் சொட்டச் சொட்ட அது மறைந்தது; காஸ்டிக் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து மெத்தில் ஆரஞ்சு விட்டேன், மஞ்சளானது. சுத்தமான காஸ்டிக் என்றால் ஓரிரு சொட்டில் சிவந்திருக்கும். ஆசிட் இறங்கிக்கொண்டே இருந்தது, மஞ்சள் மாறவில்லை.

"இன்னும் எவ்வளவுதானுங்க குடிக்கும்?"

சலவைச் சோடா எவ்வளவோ அவ்வளவு என்றேன். கணக்குப் போட்டால், இருக்க வேண்டிய காஸ்டிக்கில் முக்கால் பங்குகூட இல்லை.

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் முதலாளிக்குக் கிடையாது. ஜன்னல் வழியே குரல் கொடுத்தார். "ரங்கசாமி, தொட்டியக் காலி பண்ணிப்போட்டுப் புதுக் காஸ்டிக் ஊத்துங்க."

சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்ட ரங்கசாமி, சாயங்காலம் லேப் வாசலில் வந்து நின்றார். "ஏனுங்க அம்மணி, அந்தத் தண்ணி சட்டுனு செவந்திருந்தா நான் ஊட்டுக்குத்தானுங்களே போயிருக்கோணும்?"

ஆமாம், போயிருப்பார். வேறு காரணம் இருக்கிறதா என்று அதன்பிறகு யாரும் தேடியிருக்க மாட்டார்கள். ஓய்வு பெறும்வரை, இப்படி ஆசிட் சொட்டவிட்டு அளக்கும் ஒவ்வொரு டைட்ரேஷனையும், கேட்டருகே ஒருவர் நிற்கிறார் என்று நினைத்துத்தான் செய்தேன். லேப் வேலைக்குப் புதிதாக வரும் நீங்களும் அப்படியே செய்யுங்கள்.